காலஞ்சென்ற முத்தம்மாள் கண்டிக்குப் போன கதை

கண்டிக்குப் போய் வந்தவர்கள் எல்லாரும் குளத்தைச் சொல்வார்கள். நானும் பார்த்தேன். பஸ்ஸில் நின்றபடி, எனக்கு முன்னால் கம்பியைப் பிடித்திருந்த ஆளின் கக்கத்துக்குக் கீழே தெரிந்தது. தண்ணீர்தான். அதற்குமேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

நான் போனது என் அக்கா பார்வதியின் கருமாதிக்கு. நாங்கள் மூன்று பேர். அண்ணன் ஆறுமுகம், நடுவில் பார்வதி, கடைசியில் நான். புசல்லாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தோம். கல்யாணமான கையோடு, தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பிய கப்பலில் என்னையும் ஏற்றினார்கள். அன்றிலிருந்து கோத்தகிரி மலைதான் எனக்கு ஊர். அண்ணன் பிறந்த தோட்டத்திலேயே தங்கிவிட்டார். அக்கா கண்டிக்கு வாழ்க்கைப்பட்டு மஹய்யாவையில் குடியிருந்தாள். பிற்காலத்தில் எப்படியோ என் நம்பரைத் தேடிப் பிடித்து, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனில் பேசுவாள். அண்ணன் மட்டும் ஒருநாளும் பேசியதில்லை. கேட்டால், "அண்ணனுக்குக் காது மந்தம்டி" என்பாள் அக்கா. காது மந்தமானவன் வாயால் பேசக் கூடாதா?

அக்காவின் சாவுக்கு என்னால் போய்ச் சேர முடியவில்லை. கருமாதிக்காவது நிற்க வேண்டும் என்று கிளம்பினேன். கருமாதியில் மூத்த மகனுக்குத் தாய்மாமன் கையால் தலையில் உருமால் கட்ட வேண்டும். அதுதான் பிறந்த வீட்டு மரியாதை. தாய்மாமன் என்றால் எங்கள் அண்ணன்தான். நான் வருகிறேன் என்று தெரிந்ததும், "அவ வந்தா நான் வரல" என்று சொல்லிவிட்டாராம். அக்கா மகன் செல்வம் போனில் இதைச் சொன்னபோதே எனக்கு உச்சி கொதித்தது. அந்தக் கொதிப்போடுதான் விமானத்தில் உட்கார்ந்தேன்.

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கி வேன் பிடித்தேன். குளிரூட்டிய வேன் என்று எழுதியிருந்தது. குளிர் டிரைவரோடு சரி. எனக்குக் கிடைத்தது இருக்கைகளுக்கு நடுவே மடக்கி விரிக்கும் ஆசனம். பின்னால் ஒருவர் இறங்கினால் நான் எழுந்து, மடக்கி, நின்று, மறுபடி விரித்து உட்கார வேண்டும். கடுகண்ணாவ ஏற்றம் முடிவதற்குள் எத்தனை முறை எழுந்திருப்பேன் என்று என் முழங்காலைத்தான் கேட்க வேண்டும். எங்கள் கோத்தகிரி பஸ் ஓட்டைதான். ஆனாலும் வயதானவளைக் கதவு மாதிரித் திறந்து மூட மாட்டார்கள்.

பக்கத்தில் அக்குறணைக்குப் போகும் ஒரு முஸ்லிம் அம்மா. சும்மா இருக்கவில்லை.

"இந்தியாவா நீங்க? என்னத்துக்கு வாறீங்க?"

"அக்கா தவறிட்டா."

"எப்ப மவுத்து?" என்று கேட்டு, பதில் வருமுன் பையைத் திறந்து தொதல் இனிப்புத் துண்டு ஒன்றைக் கையில் வைத்தார். "சாப்பிடுங்க. துக்கத்துல வெறுவயித்தோட இருக்கப்படா. எங்கட ஆக்கள்ல மவுத்துன்னா பள்ளிவாசல் மைக்ல பேரைச் சொல்லிருவாங்க, முடிஞ்சி. நீங்கதான் மாமன், மச்சான், சம்பந்தின்னு ஒரு முழ நீளத்துக்கு எழுதுவீங்க. படிச்சி முடிக்கிறதுக்குள்ள அடக்கமே ஆயிரும்."

தொதல் என் கட்டுப் பல்லில் ஒட்டிக்கொண்டது. கண்டி வரைக்கும் பதில் சொல்ல முடியவில்லை.

மஹய்யாவையில் சந்துக்குள் சந்து. வீட்டோடு வீடு முட்டிக்கொண்டு நிற்கிறது. குறுக்கே கட்டிய வெள்ளைக் கொடிகள் இன்னும் அவிழ்க்கப்படவில்லை. அக்கா வீட்டுச் சுவரில் அச்சடித்த மரண அறிவித்தல் ஒட்டியிருந்தது. நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனாலும் என் பெயர் எங்கே இருந்தாலும் கண்ணில் பட்டுவிடும். பட்டது. "அன்னார், ஆறுமுகம், காலஞ்சென்ற முத்தம்மாள் (இந்தியா) ஆகியோரின் அன்புச் சகோதரியும்" என்று இருந்தது.

கையில் பெட்டியோடு மறுபடியும் கூட்டிப் படித்தேன். காலஞ்சென்ற. அந்தச் சொல்லுக்கு அடுத்து நான்.

உள்ளேயிருந்து வந்த எதிர்வீட்டுப் பொம்பளை, என் விரல் அந்தப் பெயரில் நிற்பதைப் பார்த்து, "நீங்க செத்துப்போன முத்தம்மாளுக்கு என்ன வேணும்?" என்றாள்.

"நான்தான் அந்தச் செத்தவ," என்றேன்.

அவள் என் கையைத் தொட்டுப் பார்த்தாள். பொய் சொல்லவில்லை, தொட்டே பார்த்தாள்.

செல்வம் ஓடிவந்து காலில் விழுந்தான். அழுதான். நானும் அழுதேன். அழுகை ஓய்ந்ததும் சுவரைக் காட்டினேன். "விடுங்க சின்னம்மா, அச்சுப் பிழை மாதிரி ஒன்னு. யாரு அதையெல்லாம் முழுசாப் படிக்கிறா?" என்றான். முழுசாகப் படித்திருக்கிறார்கள். சாவுக்கு வந்தவர்கள் எனக்கும் சேர்த்து அழுதார்களாம். ஆட்டோவில் மைக் கட்டி ஊரெல்லாம் வாசித்திருக்கிறார்கள். அவன் பெண்டாட்டி ராணிதான் இவ்வளவையும் சொன்னாள், தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே. சிரிப்பை முந்தானையால் மூடிக்கொண்டாள். தேத்தண்ணியில் பால் இல்லை.

மறுநாள் விடிந்ததும் பாண், எங்கள் ஊர்ப் பிரெட்தான். மதியம் சோறும் பருப்பும் மரக்கறியும். இரவு திரும்பவும் பாண். துக்க வீட்டில் குறை சொல்லக் கூடாது என்று பேசாமல் தின்றேன். பேசாமல் தின்றதால் தொண்டையில் நின்றது.

அக்காவின் கடைசி மகள் கோகிலா அன்றைக்குத்தான் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். படித்தவள். பேராதனைப் பக்கம் வாடகை வீடு ஒன்றில் நாலைந்து பேர் சேர்ந்து நடத்தும் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை. வந்ததும் தலையைக் குனிந்துகொண்டாள்.

"சின்னம்மா, அந்த அறிவித்தல நான் எழுதல. மெஷின் எழுதிச்சு."

"மெஷினுக்கு நான் என்னடி கெடுதல் செஞ்சேன்?"

அவள் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். சாவு வீட்டில் எழுத உட்காரும் தெம்பு யாருக்கும் இருக்காது. பெயரையும் உறவையும் கொடுத்தால் கம்பியூட்டரே அறிவித்தலை எழுதித் தருகிற மாதிரி ஒன்றைச் செய்கிறார்கள். அதற்கு எழுதக் கற்றுக்கொடுக்கப் பழைய பத்திரிகைகளிலும் ரேடியோவிலும் வந்த மரண அறிவித்தல்களையெல்லாம் அள்ளி ஒரே இடத்தில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். உரைத்தொகுப்பு என்று பெயர். அதைப் படித்துப் படித்து, மனிதர் எழுதுகிற மாதிரியே அது எழுதுமாம்.

"ஆஸ்பத்திரி வராந்தாவுல நின்னுக்கிட்டு முத்தம்மாள், தங்கச்சி, இந்தியான்னு மட்டும் போட்டேன். மிச்சத்த அதுவா எழுதிச்சு. நான் அழுதுக்கிட்டே அனுப்பிட்டேன். அண்ணன் படிக்காமலே அச்சுக்குக் குடுத்துட்டாரு."

"செத்துட்டேன்னு நீ சொல்லலையே. அதுக்கு எப்படித் தெரிஞ்சுச்சு?"

"அதுதான் எனக்கும் புரியல, சின்னம்மா."

புரியாததைச் செய்கிறவர்களைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. அடுத்த நாள் அவளோடு கிளம்பினேன். ஆட்டோக்காரர் பேராதனை வரைக்கும் போனில் சண்டை போட்டுக்கொண்டே ஓட்டினார். சிங்களத்தில் போட்ட சண்டையைக் கோகிலா மெதுவாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள். "மாமியார் வந்து ஒரு மாசம் ஆச்சு, இன்னும் பெட்டியைத் திறக்கல, எப்போ போவாளோன்னு பயம் இல்லை, எப்போ திறப்பாளோன்னுதான் பயம்," என்று சொன்னாராம். அந்த மாமியார் கெட்டிக்காரி.

கூடத்தில் நேசன் என்று ஒரு யாழ்ப்பாணத்துப் பையன். பையன் என்றாலும் தலை நரைத்திருந்தது. "வாங்கோ அம்மா, இருங்கோ," என்று கதிரையைத் துடைத்துப் போட்டார். மரியாதைக்குக் குறைவில்லை. பிறகு அவர் சொன்ன சேதிதான் கதிரையிலிருந்து என்னை எழுப்பியது.

"உங்கட பேர் வந்த அறிவித்தலுக்கு நல்ல புள்ளி அம்மா."

"என்ன புள்ளி?"

"மெஷின் எழுதினதைப் பழைய அறிவித்தலுகளோட ஒப்பிட்டுப் பாக்கிறனாங்கள். மனுசர் எழுதினதுக்கு எவ்வளவு கிட்ட வருதோ, அவ்வளவு நல்லதெண்டு கணக்கு."

"ஆள் உசுரோட இருக்கிறாளான்னு பார்க்க மாட்டீங்களா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதைப் பாக்க எங்களிட்ட ஒண்டும் இல்லை அம்மா. எழுத்து மட்டும்தான் கிடக்கு. எழுதின ஆக்கள் உண்மையைத்தான் எழுதியிருப்பினம் எண்டு நாங்கள் நம்பிறம்."

என்னைச் சாகடித்ததற்கு முழு மதிப்பெண். எங்கள் ஊரில் பிழை விட்டால் பெஞ்சில் ஏற்றுவார்கள்.

கோகிலா அதற்குள் தன் லேப்டொப்பில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். இந்தியா என்று வருகிற இடங்களை மட்டும் எடுத்துப் பார்க்கிறேன் என்றாள். ஒவ்வொன்றாக வாசித்தாள். "காலஞ்சென்ற இராமாயி (இந்தியா)." "காலஞ்சென்ற பெருமாள் (இந்தியா)." "காலஞ்சென்ற செல்லம்மா (இந்தியா)." வாசிக்க வாசிக்க வந்துகொண்டே இருந்தது. கப்பலேறிப் போன அண்ணன், தம்பி, அக்கா, தங்கை யாருமே பிழைக்கவில்லை. இத்தனை பேரா செத்தார்கள்? எங்கள் கப்பலில் வந்தவர்களில் பாதிப் பேரை நான் போன மாசம் கோத்தகிரிச் சந்தையில் பார்த்தேனே.

பிறகு அவள் குரல் இறங்கிவிட்டது. வாசிக்காமல் என்னைப் பார்த்தாள்.

"படி," என்றேன்.

என் அம்மாவின் மரண அறிவித்தல். பேர் வள்ளியம்மை, ஊர் புசல்லாவை. "ஆறுமுகம், பார்வதி, காலஞ்சென்ற முத்தம்மாள் (இந்தியா) ஆகியோரின் பாசமிகு தாயாரும்." கடைசியில், "தகவல்: மகன் ஆறுமுகம்."

அம்மா செத்தபோது எனக்கு இடுப்பில் ஒரு பிள்ளை, முதுகில் கொழுந்துக்கூடை. சேதியே மாசக்கணக்கில் கழித்துத்தான் வந்து சேர்ந்தது. பாஸ்போர்ட் கிடையாது, கையில் காசு கிடையாது. லயத்து வீடுகளுக்குப் பின்னால் போய் ஒற்றையாக அழுதேன். அந்த நேரத்தில் இங்கே என் கூடப் பிறந்தவர் என்னையும் சேர்த்துப் புதைத்திருக்கிறார். மெஷின் பாவம். சொன்னதைத்தான் சொல்லியிருக்கிறது.

"புசல்லாவைக்கு பஸ் எங்க நிக்கும்?" என்று கேட்டேன்.

அன்று போக விடவில்லை. வீட்டில் செல்வம் குறுக்கே நின்றான். "மாமாவுக்கு நெஞ்சு சரியில்ல சின்னம்மா. திடீர்னு போய் முன்னால நின்னா என்னாகும்? நாளன்னைக்குக் கருமாதி. அவரு வரலைன்னாலும் பரவாயில்ல, உருமாலை வேற யாராவது கட்டட்டும்."

"வேற யாராவது கட்டுறதுக்கு என் அக்கா அனாதையா?"

அவன் வாசலை விட்டு விலகினான்.

காலையில் கோகிலாவோடு குட்ஷெட் பஸ் நிலையம். அவள் போனைப் பார்த்துக்கொண்டே ஒரு பஸ்ஸில் ஏறினாள், நானும் ஏறினேன். உள்ளே மூச்சு விட இடமில்லை. நடத்துனர் மட்டும் கத்திக்கொண்டே இருந்தார். என்ன சொல்கிறார் என்று கேட்டேன். "பின்னுக்குப் போங்க, பின்னால கிரிக்கெட் ஆடலாம், அவ்வளவு இடம் இருக்குங்கிறாரு," என்றாள். குளத்தைப் பார்த்தது அந்த பஸ்ஸில்தான். கம்பளையை நெருங்கும்போதுதான் அது நாவலப்பிட்டிக்குப் போகிற பஸ் என்று தெரிந்தது. அத்தனை படிப்புப் படித்தவள் பஸ் போர்டைப் படிக்கவில்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கிற என்னைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை.

கம்பளையில் இறங்கினோம். மழை. கடையோரம் ஒதுங்கி ரொட்டியும் காரமான கட்டைச் சம்பலும் தின்றோம். வந்த நாளிலிருந்து வாய்க்கு ருசியாகத் தின்றது அது ஒன்றுதான். அதற்கும் கோபம் வந்தது. கோபத்தில் இருக்கும்போது சாப்பாடு ருசிக்கக் கூடாது. வெறுந்தேத்தண்ணிக்குக் கையில் சீனியைக் கொட்டி, நக்கிக்கொண்டு குடி என்றார்கள். மழை விடாததால் இன்னொன்றும் குடித்தேன்.

"சின்னம்மா, மாமாகிட்ட சத்தம் போடாதீங்க," என்றாள் கோகிலா.

"உங்க மாமாவுக்குக் காது மந்தம். சத்தம் போட்டாத்தான் கேக்கும்."

அடுத்த பஸ் ஏற்றத்தில் இருமி இருமி ஏறியது. புசல்லாவை டவுனைத் தாண்டி இறங்கி, வழுக்குகிற படிகளில் ஏறிப் போனோம். அண்ணன் வாசலில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மருமகள் கொழுந்தெடுக்கப் போயிருந்தாள். வீட்டில் வேறு யாருமில்லை. என்னைப் பார்த்தார். எழவில்லை. நெஞ்சையும் பிடிக்கவில்லை.

"செத்தவ வந்திருக்கேன்," என்றேன்.

"பஸ்லயா வந்த?"

"கம்பளையில மாறி வந்தேன்."

"அந்த ரோட்டுல வந்தா உசுரோட இருக்கிறவனே செத்துருவான்," என்றார். காது நன்றாகத்தான் கேட்டது.

நான் உட்காரவில்லை. ரேடியோவிலும் பேப்பரிலும் என்னை எதற்காகக் கொன்றாய் என்று கேட்டேன். எங்கே பார்த்தேன், யார் வாசித்தது, தகவல் என்று யார் பேர் இருந்தது, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோகிலாவின் கையிலிருந்த லேப்டொப்பைப் பார்த்தார். அதற்குள் அம்மா இருக்கிற மாதிரிப் பார்த்தார்.

"அம்மா பொணத்த நடு வாசல்ல வச்சிருக்கோம். தோட்டமே வந்து நிக்குது. எல்லாரும் ஒரே கேள்வி. சின்னவ எங்க, சின்னவ வரலையா, பெத்த தாய்க்கு வாய்க்கரிசி போட வராதவ ஒரு மகளான்னு. பாஸ்போட்டு இல்லன்னு எத்தன பேருக்குச் சொல்றது? உசுரோட இருந்து வரலைன்னா உன்ன ஏசுவாங்க. செத்துட்டான்னா அழுவாங்க. ஏசுறதவிட அழுறது மேலுன்னு போட்டேன். நான் மட்டுமா? இந்த மலையில எல்லா வீட்டுலயும் அப்படித்தான் போட்டாங்க. கப்பலேறினவங்க பேரு கெடக் கூடாதுன்னு."

கோகிலா கையிலிருந்த லேப்டொப்பைக் குனிந்து பார்த்தாள். அவர்கள் சேர்த்து வைத்த எழுத்தில் பாதி மானத்துக்காக எழுதியது என்று அவளுக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

எனக்குக் கோபம் இறங்கவில்லை. "ஏசட்டும்னு விட்டிருக்கணும் அண்ணே. உசுரோட இருந்து ஏச்சு வாங்கிட்டுப் போறேன். ஏச்சுக்குச் சாகிறவளா நான்? அதுக்கப்புறம் அக்கா என் நம்பரைப் பிடிச்சப்பயாவது போன்ல ஒரு வார்த்த பேசியிருக்கலாமே."

"என்னன்னு பேசுவேன்? உன்னச் சாகடிச்சவன் பேசுறேன்னா?" என்றார். "கருமாதிக்கு வந்தாலும் பழைய ஆளுங்க இருப்பாங்க. நீ பக்கத்துல நிப்ப. அன்னைக்குச் செத்தவ இவதானான்னு என்னத்தான் கேப்பாங்க. அதான் வரலைன்னேன்."

"கேட்டா நான் சொல்றேன் பதில். உனக்கு வாய் இல்லாட்டி எனக்கு இருக்கு."

அப்போதுதான் கோகிலா மெதுவாகக் கேட்டாள், அந்தப் பழைய அறிவித்தலைத் தொகுப்பிலிருந்து எடுத்துவிடட்டுமா என்று. பிறகு அவளே, எடுக்க விடமாட்டார்கள் என்றும் சொன்னாள். ஒருவர் எழுதியதை எழுதியபடியே வைக்க வேண்டுமாம், பக்கத்தில் குறிப்பு ஒன்று சேர்க்கலாமாம். அதையும் மெஷின் படிக்கிற மாதிரிச் செய்ய வழி பார்க்கிறேன் என்றாள்.

"அப்ப குறிப்பப் போடு," என்றேன். "அவரு சொல்லட்டும். தகவல் குடுத்தது அவருதானே."

அண்ணன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். தொண்டையைக் கனைத்தார். ரேடியோவில் வாசிக்கிற குரலில் நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"புசல்லாவையைப் பிறப்பிடமாகவும், இந்தியா கோத்தகிரியை வசிப்பிடமாகவும் கொண்ட முத்தம்மாள் உயிருடன் இருக்கிறார். அன்னார் வள்ளியம்மையின் அன்பு மகளும், காலஞ்சென்ற பார்வதியின் பாசமிகு தங்கையும் ஆவார்." அங்கே குரல் உடைந்தது. பார்வதியின் பெயருக்கு முன்னால் அந்தச் சொல்லை அவர் சொன்னது அதுதான் முதல் தடவை போலிருக்கிறது. நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். அவர் முடித்தார். "இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும். தகவல்: அண்ணன் ஆறுமுகம்."

கோகிலாவின் விரல் கடைசியில் நின்றது. "ஒன்னு சொல்லவா சின்னம்மா? கோவிச்சுக்காதீங்க. இந்தக் குறிப்பும் ஒருநாள் பொய்யாப் போயிருமே."

"அன்னைக்கு மாத்திக்க. இன்னைக்கு இத எழுது."

எழுதினாள். அண்ணன் கதிரையின் கையைப் பிடித்து எழுந்தார், உள்ளே போனார். அலுமாரிக் கதவு கிறீச்சிட்டது. இரண்டு வேட்டிகளைக் கொண்டுவந்து வெளிச்சத்தில் உதறிப் பிடித்தார்.

"உருமா கட்டப் போறவன் எதடி கட்டிக்கிட்டுப் போகணும்?"

இரண்டும் பழுப்பேறிக் கிடந்தன. ஒன்றில் கரை வேறு கிழிந்திருந்தது.

"ரெண்டும் உருப்படியில்ல," என்றேன். "கிழியாததக் கட்டிக்க. பஸ்ஸு போயிரும்."